சைலன்சர் ஆறும்வரை

"எனக்குப் பயம் போகவே மாட்டேங்குதும்மா," என்றார் ஏகாம்பரம். "உங்களால மட்டும் எப்படிக் கல்லு மாதிரி இருக்க முடியுது?"

திலகவதி வேனின் பின்கதவைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்கண்ணா."

இருவரும் வெல்டிங் இன்ஜினை மழையில் இறக்கினார்கள்.

கரண்டு இல்லாத இடங்களில் பெட்ரோல் இன்ஜினை வைத்து வெல்டிங் செய்பவள் திலகவதி. தறிக்கூடம் மூடிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், அவளிடம் வேலை கற்க வந்தவர் ஏகாம்பரம். அவருக்கு அவள் மகள் வயது.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. போன புயலில் அவர் மச்சான் ஜெனரேட்டர் நனையக்கூடாது என்று ஷட்டரை மூடிக் கடைக்குள்ளேயே வைத்து ஓட்டினார்; புகை வெளியே போக வழியில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியபோது மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர் போல இருந்தார். எழுப்புவதற்காகத் தோளைத் தொட்டவர் ஏகாம்பரம்தான்.

இன்றைக்கும் புயல். ஏரி நிரம்பிக் கரையின் விளிம்பைத் தொட வந்துகொண்டிருந்தது. உபரித் தண்ணீரை விடும் மதகுக் கதவு திறக்கவில்லை. அதைத் தூக்கும் இரும்புத் தண்டு முறிந்துவிட்டது. தண்டை ஒட்டாவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே ஊர்.

தண்டு இருந்தது மதகின் மேலுள்ள சின்ன அறையில். இன்ஜினையும் அந்த அறைக்குள்ளேயே வைத்துவிடலாம், நனையாது என்றார்கள் ஊர்க்காரர்கள்.

ஏகாம்பரத்துக்கு மச்சானின் கடை ஷட்டர் கண்முன் வந்தது.

திலகவதி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இன்ஜின் வெட்டவெளியில் நின்றது. மேலே ஒரு தகரம், நான்கு பக்கமும் திறப்பு, புகை ஏரிப் பக்கமாகப் போகும்படி. நீளமான கேபிள் மட்டும் அறைக்குள் போனது. அவள் ஈரமில்லாத பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் நின்று, உலர்ந்த கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

பாதித் தண்டுதான் ஒட்டியிருக்கும். இன்ஜின் திக்கியது. பிறகு நின்றே போனது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

ஏகாம்பரம் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஆறட்டும்," என்றாள் திலகவதி அறைவாசலில் இருந்து. பிறகு வெளியே வந்து, அவருக்குப் பின்னால், தீ அணைக்க வைத்திருந்த மணல் வாளியின் பக்கத்தில் குந்தினாள்.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். கரைக்கல்லில் இன்னொரு வரிசை மூழ்கியது.

தகரத்தின் ஓட்டை வழியாக ஒரு துளி சைலன்சர்மேல் விழுந்தது. சுர்ரென்று ஆவியானது.

அடுத்த துளி. சுர்.

வரதன் என்பவரின் வீடு கரைக்கு நேர் கீழே. படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அப்பாவைக் கட்டிலோடு தூக்கிவர ஆட்கள் போயிருந்தார்கள். இன்னும் வரவில்லை. வரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஊரே போகப்போகிறது, இரண்டு பேரும் குளிர் காய்கிறீர்களா என்று கேட்டார். கேனைப் பிடித்து இழுத்தார்.

ஏகாம்பரம் விடவில்லை.

வரதன் ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தார். முன்னால் இந்த மனிதர், பக்கத்தில் ஏரி, முதுகுக்குப் பின்னால் சூடான இரும்பு. கையில் பெட்ரோல். எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை. கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்ஜினை மறைத்து நின்றார்.

"எங்கப்பா கீழ இருக்காருய்யா."

"தெரியுது. ஒரு சொட்டு சிந்தினாலும் இன்ஜின் எரிஞ்சிடும். அப்புறம் கதவைத் தூக்க ஒண்ணுமே இல்ல."

சொன்னது தன் குரல்தானா என்று ஏகாம்பரத்துக்குச் சந்தேகமாக இருந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திலகவதி குந்திய இடத்திலேயே இருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

சுர்.

பிறகு ஒரு துளி விழுந்தது. சத்தம் மெலிந்திருந்தது.

பிறகு ஒன்று. அது உருண்டு கீழே வழிந்தது.

ஏகாம்பரம் புறங்கையை சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெறும் வெதுவெதுப்பு. அதன்பின்தான் மூடியைத் திறந்தார். கேனை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். மூடியை இறுக்கி, கேனைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார்.

தண்டு ஒட்டியது. ஆட்கள் சக்கரத்தைச் சுற்ற, கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியது. தண்ணீர் பேரிரைச்சலோடு கால்வாயில் விழுந்தது. வரதன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் கட்டில் ஒன்று கரைமேட்டில் ஏறி வருவது தெரிந்தது.

திலகவதி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் பக்கத்தில் போனார்.

"அந்த ஆள் கேனைப் பறிச்சு ஊத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உங்களை இழுத்துக்கிட்டு ஓடியிருப்பேன்."

"எங்க ஓட? நீங்கதான் அசையாம உக்காந்திருந்தீங்களே."

அவள் கேபிள் சுருட்டுவதை நிறுத்தினாள்.

"உக்காந்திருந்தேனா?"

ஏகாம்பரம் மணல் வாளியின் பக்கம் பார்த்தார்.

அவள் குந்தியிருந்த சேற்றில் குதிகால் தடமே இல்லை. இரண்டு காலின் முன்பாதம் மட்டும், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, ஆழமாக அழுந்தியிருந்தது. விரல் முனைகள் அவர் நின்ற இடத்தைப் பார்த்திருந்தன.