கோலிப் பெட்டியும் முதல் பந்தியும்

கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் செய்துகொண்டிருந்த சென்னியப்பனுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி செய்யப் போகிறேன் என்றான். சொந்தபந்தம் எல்லாரும் சிரித்தோம். நான் அவனுக்குப் பங்காளி, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடவள்ளியில் கோகிலவாணி என்று ஒரு பெண் கேம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, காலேஜ் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனைவிட அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். படிப்பு முடிந்த பிறகும் எங்கேயாவது முட்டிக்கொண்டால் வண்டியை நேராக வடவள்ளிக்குத்தான் திருப்புவான்.

பெட்டி வந்தது. கோலி என்று பெயர் வைத்தான். சும்மா சொல்லக் கூடாது, அருமையான பெட்டி. அதற்கு அவன் ஆபீஸ் பையன்கள் செய்த கேமும் பிரமாதம். முதல் தீபாவளிக்குக் கடை வாசலில் கூட்டம் நின்றது. நான் சிரித்த வாயை மூடிக்கொண்டு அவனிடமே விற்பனை மேனேஜராகச் சேர்ந்துவிட்டேன்.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. எங்கள் ஆட்கள் என்னதான் மாய்ந்து மாய்ந்து செய்தாலும் வருஷத்துக்கு ஒரு கேம். பிள்ளைகள் அதை ஒரு மாசத்தில் முடித்துவிடும், பெட்டி பரண்மேல் ஏறிவிடும். வெளியே கேம் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். போனுக்குச் செய்தார்கள், வெளிநாட்டுப் பெட்டிகளுக்குச் செய்தார்கள். கோலிக்கு மட்டும் ஒருத்தரும் செய்யவில்லை. எங்களைப் பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

கடைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வருகிற தீபாவளிக்கும் வெளியாள் கேம் வரவில்லை என்றால் கோலியை எடுத்துவைக்க இடமில்லையாம். அப்படியானால் கணபதி ஷெட்டுக்குப் பூட்டுதான். கிரைண்டர் காலத்திலிருந்து கூடவே இருந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டும்.

சென்னியப்பன் வடவள்ளிக்கு வண்டியைத் திருப்பினான். நானும் ஏறிக்கொண்டேன்.

"டீச்சருங்க, ஏனுங்க ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க?"

"நீங்க என்ன சொல்லிக் கூப்பிடறீங்ணா?"

அதை ஒப்பிக்கத்தான் காத்திருந்தான். வசனம் நான் எழுதிக்கொடுத்தது. "நம்ம பெட்டி வேகத்துக்கு ஈடே கெடையாதுங்க. கேம் செய்யத் தேவையானதெல்லாம் இனாமாத் தர்றோம். வித்த காசுல நம்ம பங்கையும் கொறைச்சுக்கிட்டோம். எடம் பெருசுங்க டீச்சர். வந்து செய்ய வேண்டியதுதான்."

"புது சிப்பைப் பத்தின வெவரமெல்லாம் முதல்ல யாருக்குக் குடுப்பீங்க?"

"நம்ம பசங்களுக்குத்தான். நம்ம கேம் வெளிய வந்த பொறவு மத்தவங்களுக்கும் குடுத்துருவோம். ஒளிக்கறதெல்லாம் இல்லீங்க."

"தீபாவளிக்கு யார் கேம் வருது?"

"நம்முளுதுதான்." முகமெல்லாம் பூரிப்பு. "பல வருஷமா நானே உக்காந்து செதுக்குனதுங்க. தேர்த்திருவிழாவுல ஒருத்தன் தொலைஞ்ச தம்பியைத் தேடற கேம். அது வர்ற நேரத்துல வேற யாரும் கிட்டயே நிக்க முடியாது, பாருங்க!"

கோகிலவாணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்பிட வாங்ணா. இவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கிளம்பும்போது அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "நீங்க எப்ப டீச்சர் கோலிக்கு ஒரு கேம் செய்வீங்க?"

அவள் செய்த கேம் இல்லாத போனை அந்த ஊரில் பார்ப்பது கஷ்டம். வருஷா வருஷம் ஆசையாகக் கேட்பான்.

"பாக்கலாங்ணா."

வருஷா வருஷம் அவளும் இதையேதான் சொல்வாள். காரில் ஏறியதும் அவன் முகம் தொங்கிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். அது வீண்போகாது என்று கேட்டுக்கு வெளியிலேயே தெரிந்துவிட்டது. நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் தெருவரைக்கும் வந்து கூப்பிட்டது.

கை கழுவிவிட்டு உள்ளே வந்தால், கூடத்தில் இரண்டு தலைவாழை இலை போட்டிருந்தது. இரண்டின் முன்னாலும் ஆள் உட்கார்ந்திருந்தது. ஒன்றில் கோகிலவாணி, இன்னொன்றில் அவள் வீட்டுக்காரர் வெங்கிடுபதி. பேங்க்கில் வேலை பார்க்கிற சாதுவான மனுஷன். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வாங்ணா. அப்படி ஓரமா நில்லுங்க. நாங்க முடிச்சுக்கறோம்" என்றாள்.

நின்றோம். அவள் குழம்பை அள்ளி ஊற்றிக்கொண்டாள். வறுவலைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டாள். முட்டையை இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் தன் இலையிலேயே வைத்துக்கொண்டாள். என் வயிறு சத்தம் போட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"போதும் கோகிலா" என்றார் வெங்கிடுபதி, பரிதாபமாக.

"சாப்பிடுங்க. நம்ம வீடு, நம்ம கோழி."

ஒரு வழியாக எழுந்தார்கள். எங்களுக்கு இலை விழுந்தது. சோறு வந்தது. அதன்மேல் ரசம் வந்தது. குழம்புச் சட்டியை வழித்துச் சென்னியப்பன் இலையில் ஒரு கழுத்தெலும்பு வைத்தாள். எனக்கு ஒரு கறிவேப்பிலை கிடைத்தது.

"இலையைப் பாருங்ணா, எத்தனை அகலம்! நெறைய எடம் இருக்குது. உக்காந்து சாப்பிட வேண்டியதுதான்."

சென்னியப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. விருந்துன்னு கூப்பிட்டுட்டு வீட்டாளுங்க முதல் பந்தியில உக்காருவாங்களா? நம்ம பக்கம் எங்கயாச்சும் இப்படி உண்டுங்களா? கல்யாண ஊட்டுக்காரன் கடைசி ஆளு கை கழுவுன பொறவுதான் இலை முன்னால போவான். அதுவும் மிச்சம் மீதி இருந்தா. இப்படி நிக்க வெச்சு ரசம் ஊத்தறதுக்கு, எங்களைக் கூப்பிடாமயே..."

அதோடு நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது.

"ரசம் ஓடுதுங்ணா" என்றாள் கோகிலவாணி.

அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். இலையை மடித்தான். கார் லாலி ரோடு சிக்னலில் நின்றது. அப்புறம் சொன்னான்:

"பங்காளி, இந்தத் தீபாவளிக்கு நம்ம கேம் வராது."

"உனக்கென்ன மறை கழண்டுபோச்சா? கைல இருக்கறது அது ஒண்ணுதான்! அதையும் வெளிய விடலைன்னா ஷெட்டை நாமளே பூட்டிட்டுப் போயிடலாம்."

"பூட்டறதா இருந்தா பூட்டிக்கலாம். முதல் பந்தியில நாம உக்காரக் கூடாது."

சொன்னபடியே செய்தான். புது சிப்பின் விவரங்களை எங்கள் பையன்களுக்குக் கொடுத்த அன்றைக்கே வெளியாட்களுக்கும் கொடுத்தான். பெட்டியைப் போட்டதும் திரையில் வந்து நிற்கும் எங்கள் கேம் படங்களை எடுத்துவிட்டான். தீபாவளியை வெளியாட்களுக்கென்று ஒதுக்கினான். பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவன் அசையவில்லை.

அப்போதும் ஒருத்தரும் வரவில்லை. ஆனி போய் ஆடி பிறந்தது. திரும்ப வடவள்ளிக்குப் போனோம்.

"இலை போட்டாச்சுங்க டீச்சர். உக்காரத்தான் ஆளைக் காணோம்."

"எப்படி அழைச்சீங்க?"

"எல்லாருக்கும் மெயில் போட்டோமுங்க."

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கும் மெயில்தான் போட்டீங்களா?"

மகள் கல்யாணத்துக்குச் சென்னியப்பனும் அவன் சம்சாரமும் தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

"யார் வீட்டுக்கு முதல்ல போனீங்ணா?"

"கோவிச்சுக்கிட்டிருந்த பங்காளி ஊட்டுக்குங்க."

அந்தப் பங்காளி நான்தான். அது வேறு கதை.

மறுநாள் காலையில் உடுமலைக்குக் கிளம்பினோம். அங்கே நஸ்ரின் என்று ஒரு பெண் இருந்தாள். முன்னொரு தடவை அவள் தன் கேமை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தாள். எங்கள் கேம் வேலை மும்முரமாக நடந்த சமயம். வரவேற்பறையில் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டு, "இது முடியட்டும்மா, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சென்னியப்பன் தட்டும் கையுமாக வாசலில் நின்றதைப் பார்த்து அவள் திகைத்துப்போனாள்.

"என்ன சார் இது?"

"அழைக்க வந்திருக்கேன் கண்ணு. அன்னைக்கு எங்க ஊட்டுக்கு வந்த உன்னைப் பசியோட திருப்பி அனுப்பிட்டோம். மனசுல வெச்சுக்காத."

அவள் உடனே ஒன்றும் இளகிவிடவில்லை. டீ வந்தது. குடித்தோம். அப்புறம்தான் கேமைப் போட்டுக் காட்டினாள்.

அடேங்கப்பா! டவுன் பஸ்ஸில் நீங்கள்தான் கண்டக்டர். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுக்க வேண்டும். ஒருத்தன் பெரிய நோட்டை நீட்டுவான், ஒரு அம்மா கோழிக்கூடையோடு ஏறும், படியில் தொங்குகிறவன் உள்ளே வரவே மாட்டான். விசில் அடித்து "ரைட் ரைட்" சொல்ல ஒரு பட்டன். சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

"உங்க பெட்டியில போட்டுப் பாத்தேன் சார்" என்றாள் நஸ்ரின். "பஸ்ஸுல கூட்டம் ஏறுனா எல்லாம் அப்படியே நின்னுடுது. கூட்டம் இல்லாம டவுன் பஸ் எதுக்கு? அதான் விட்டுட்டேன்."

கூட்டத்தை நிற்காமல் ஓட வைக்கிற வித்தை சென்னியப்பனிடம் இருந்தது. அவனுடைய தேர்த்திருவிழா கேமின் உயிரே அதுதான். அவனாகக் கண்டுபிடித்தது, வெளியே யாருக்கும் தெரியாது. நான் அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"சொல்லிப்போடாத சென்னி. அதுவும் போயிட்டா நம்ம கேம்ல என்னடா இருக்கு?"

"கறியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு இந்தப் புள்ளைக்கு ரசத்தை ஊத்தச் சொல்றியா?"

அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். மறுநாள் எங்கள் கெட்டிக்காரப் பையன்கள் இரண்டு பேரை அவளுக்கு உதவியாக அனுப்பினான். இவனுக்குப் பங்காளியாகப் பிறந்ததற்காக நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

நஸ்ரின் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னாள். திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார், பெருந்துறையிலிருந்து ஒரு குழுவே வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஆயிரம் குறை. சென்னியப்பன் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி நடந்தான். உங்களுக்கு என்ன வேணும், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டுக்கேட்டுச் செய்தான்.

தீபாவளிக்கு நஸ்ரினின் டவுன் பஸ் கிளம்பியது. எங்கள் தெருப் பிள்ளைகள் பட்டாசை விட்டுவிட்டு "ரைட் ரைட்" என்று கத்திக்கொண்டு திரிந்தன. மற்றவர்களின் கேம்களும் பின்னாலேயே ஓடின. பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின. கடைக்காரர்கள் போன்மேல் போன் போட்டு இன்னும் அனுப்பு என்றார்கள். கணபதி ஷெட்டுக்குப் பூட்டுப் போடவில்லை.

தீபாவளி அன்றைக்கு மத்தியானம் பலகாரம் கொடுக்கலாமென்று ஆபீசுக்குப் போனேன். சென்னியப்பன் தன்னந்தனியாக உட்கார்ந்து அவனுடைய தேர்த்திருவிழாவை விளையாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டென்று டிவியை அணைத்துவிட்டான். நான் பலகாரத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

"வா, டீச்சரைப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

கோகிலவாணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் இனிப்புப் பெட்டியைக் கொடுத்தான்.

"எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க டீச்சர்."

"கேள்விப்பட்டேங்ணா. ரொம்பச் சந்தோஷம்."

"நஸ்ரினை எல்லாரும் கொண்டாடறாங்க. எனக்கும் மனசு நெறஞ்சு போச்சுங்க. கொஞ்சம் பொறாமையும் வந்துச்சு. உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன."

அவள் சிரித்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி கேட்டான்.

"பொங்கலுக்கு நம்ம கேமை விடலாம்னு இருக்கேன். இனி நான் பந்தியில உக்காரலாங்களா?"

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து அவன் உள்ளங்கையில் ஒரு பென் டிரைவை வைத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த சின்னத் தாளில் 'கோலிக்கு ஒரு கேம்' என்று அவள் கையால் எழுதியிருந்தது.

சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கிவிட்டது.

"நான் இன்னும் சாப்பிடலீங்ணா" என்றாள் கோகிலவாணி.