ஒரு முழ உயரக் கேக்

ஒரு கேக்கின் உயரம் ஒரு முழம். வெட்டினால் இரண்டு விரல் கனம்தான். அது எப்படி? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கஞ்சப் பண்ணையார் சடையப்பர் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஊரையே அழைத்துவிட்டார். சமையல்காரி வடிவிடம் ஓர் உழக்கு ரவையும் ஓர் அச்சு வெல்லமும் கொடுத்தார்.

"முட்டை, வெண்ணெய்னு கேட்கக் கூடாது. கேக் ஒரு முழம் நிற்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!"

வடிவு இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, ரவையும் வெல்லமும் கரைத்த கிண்ணத்தை அதன்மேல் வைத்து மூடினாள். கேக் இரண்டு விரல் கனம் எழும்பியது. ஓர் அண்டாவைக் கவிழ்த்து, அதன் உச்சியில் கேக்கை வைத்துச் சபைக்குத் தூக்கி வந்தாள்.

"என்னடி இது?"

"ஒரு முழக் கேக், ஐயா. அளந்து பாருங்க."

"அண்டாவையும் சேர்த்தா அளப்பாங்க?"

"எங்களுக்குக் கூலியாத் தர்ற புளியை நீங்க பானையோட சேர்த்துத்தானே நிறுக்கிறீங்க? அப்புறம் பானையை மட்டும் திரும்ப வாங்கிக்கிறீங்களே, ஐயா!"

ஊரே கொல்லென்று சிரித்தது.

"சரி, சரி, வேலையிலேயே இரு" என்று முனகினார் பண்ணையார்.

வடிவு பேத்தியிடம் குனிந்தாள். "பாப்பா, உனக்கு எது, தாத்தாவுக்கு எது?"

குழந்தை கேக்கை எடுத்துக்கொண்டாள். அண்டாவைத் தாத்தா பக்கம் தள்ளினாள்.