கருவேல மரத்தில் பாம்பு

“நான் வந்து உட்கார்ந்ததும் புழு தயாரா இருக்க வேணாமா? நான் வந்து உட்கார்ந்ததும் புழு தயாரா இருக்க வேணாமா?”

குளக்கரைக் கருவேல மரத்தில் வேம்பன் என்ற தவிட்டுக்குருவி கத்திக்கொண்டிருந்தது. தினமும் இதே வசனம், ஓர் எழுத்து மாறாது. பிறகு மனைவி சிட்டாளின் தலையில் நறுக் நறுக்கென்று கொத்து விழும்.

அடுத்த கிளையிலிருந்த மரகதம் என்ற குருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரைக்கு இரண்டு சிறகு இருக்கிறது, ஓர் அலகும் இருக்கிறது. தானே ஒரு புழுவைப் பிடித்துத் தின்றால் குறைந்தா போய்விடும்?

“என்னடி தலையில காயம்?” என்று நேற்றுதான் அது சிட்டாளைக் கேட்டிருந்தது.

“முள்ளு குத்திடுச்சுக்கா.”

முள் தினமும் ஒரே இடத்திலா குத்தும்?

மற்ற குருவிகளோ காதில் விழாததுபோல் இறகு கோதிக்கொண்டிருந்தன.

“இன்னிக்குக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி,” என்றது ஒன்று.

“புருஷன் பெண்டாட்டி விஷயம். நாம தலையிடலாமா?” என்றது இன்னொன்று.

அதற்குள் அடுத்த கொத்து சிட்டாளின் கண்ணோரத்தில் விழுந்தது. ரத்தம் துளிர்த்தது. இம்மி தள்ளியிருந்தால் கண்ணே போயிருக்கும்!

மரகதம் யோசிக்கவே இல்லை. தொண்டை கிழிய, “பாம்பு! பாம்பு!” என்று அலறியது.

அந்தக் குரல் கேட்டால் தவிட்டுக்குருவிகள் யார் கூடு, என்ன சங்கதி என்றெல்லாம் விசாரிப்பதில்லை. போட்டது போட்டபடி பறந்து வந்து, வளைத்து நின்று கத்த வேண்டும். அதுதான் சட்டம். பதினைந்து குருவிகள் வந்து குதித்தன.

“எங்கே பாம்பு?”

“அதோ நிக்குதே!” என்று வேம்பனைக் காட்டியது மரகதம்.

“அய்யோ அக்கா, அது வேம்பன்!”

“பாம்பு வருஷத்துக்கு ஒரு தடவை வருது. இது தினம் வருது. எதைப் பார்த்துக் கத்தணும், நீங்களே சொல்லுங்க!”

வேம்பன் நெஞ்சை நிமிர்த்தியது.

“என் பெண்டாட்டி! நான் கொத்துவேன். உங்களுக்கென்ன?”

“முள்ளு குத்தலைக்கா,” என்றது சிட்டாள், மெல்ல. “இவர்தான்.”

அவ்வளவுதான். பதினைந்து தொண்டைகளும் ஒரே நேரத்தில் திறந்தன! வேம்பன் ஒரு கிளை பின்வாங்கியது. இன்னொரு கிளை. கடைசியில் மரத்தின் நுனிக்கே போய்விட்டது.

“இனிமே கொத்துற சத்தம் கேட்டா, அது பாம்புதான்! உடனே வந்துடுவோம்!” என்றது, நாம தலையிடலாமா என்று கேட்ட அதே குருவி.

பொழுது சாய்ந்தது. தவிட்டுக்குருவிகள் தனியாகத் தூங்குவதில்லை. ஒரே கிளையில், உடம்போடு உடம்பு ஒட்டி, வரிசையாக உட்கார்ந்துதான் தூங்கும். அன்று சிட்டாளை நட்டநடுவில் வைத்துக்கொண்டன. வேம்பன் மெதுவாக ஓரத்தில் வந்து நின்றது. குளத்துக் காற்று சில்லென்று அடித்தது.

“கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்களேன்!”

வரிசை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், எல்லோருமாகப் போய் நின்று தடுப்பதுதான் அக்கம்பக்கத்தாருக்கு அழகு.