ஈர அட்டை வாசனை

"உங்க பீரைப் பத்தி மட்டும் என்னால எழுத முடியல, குருவே."

வாசலில் நின்றபடியே வேங்கடபதி இதைச் சொன்னார்.

அவர் குரு என்று அழைத்த மதலேனுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பெல்ஜியத்தில் பீர் காய்ச்சும் தொழில் படித்துவிட்டு வந்து, புதுச்சேரியில் சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்திருந்தாள்.

வேங்கடபதி காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பீர் குடித்துப் பார்த்து இணையத்தில் எழுத ஆரம்பித்தார். மதலேனின் பீர் ஒன்றைப் பற்றி, நன்றாக இருக்கிறது என்று எழுதினார்.

அவள் போன் செய்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள்.

மறுநாள் அவர் நேரே ஆலைக்கு வந்து, சொல்லிக்கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

குடிப்பதற்கு முன்னால் முகரவும், வீரியமான பீரைக் கையிலேயே வைத்திருந்து குளிர் போனபிறகு குடிக்கவும், நாக்கில் படாத எதையும் எழுதாமல் இருக்கவும் அவள் சொல்லிக்கொடுத்தாள். விளையாட்டாகத்தான் அவர் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். விளையாட்டு எப்போதோ போய்விட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது அவர் எழுத முடியவில்லை என்று சொன்னது ஒரு கருப்பு பீரைப் பற்றி. சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு வீரியம். பிராந்தி இருந்த மூன்று மரப் பீப்பாய்களில் ஊற்றி, ஒரு வருஷத்துக்கும் மேலாக மதலேன் காத்திருந்தாள். சனிக்கிழமை அதை முதன்முதலாக ஊற்றப் போகிறாள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முதல் பாட்டிலை அவருக்குத்தான் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"ஏன் எழுத முடியல?"

வார்த்தை வரவில்லை என்றார்.

அப்படியானால் சேர்ந்து குடிப்போம் என்று அவள் ஒரு பாட்டிலைத் திறந்து, இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினாள். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காய்ந்த திராட்சை, கருப்பட்டி, கடைசியில் கொஞ்சம் காப்பிக் கசப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழந்தையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

வேங்கடபதியும் குடித்தார்.

திராட்சை இருந்தது. கருப்பட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் அதுவும் இருந்தது.

"சொல்லுங்க சார்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஈர அட்டை."

மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை அது. பீருக்குள் காற்று புகுந்துவிட்டால் வருவது. அதை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

மதலேன் மறுபடி குடித்தாள். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை குடித்தாள். வேறொரு பாட்டிலைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியலையே" என்றாள்.

தப்பு தன் நாக்கில்தான் இருக்கும், சளி பிடித்த மாதிரி இருக்கிறது, என்று வேங்கடபதி ஏதேதோ சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாராவாரம் இதைக் குடிச்சுப் பார்த்தேன் சார். இது கொஞ்சம் கொஞ்சமா மாறியிருக்கு. கூடவே நானும் மாறியிருக்கேன்."

எழுந்து உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார்.

பாட்டிலில் அடைத்தது போக முதல் பீப்பாயில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவர் தடுப்பதற்குள் அதன் குழாயைத் திறந்துவிட்டாள். கருப்பாக, நுரைத்துக்கொண்டு, தரையில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கியது. அறை முழுக்கக் கருப்பட்டி மணம்.

இரண்டாவது பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸில் பிடித்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க குடிச்சுப் பாருங்க குருவே, நான் எப்படி..."

"நீங்கதான் சொல்லணும்."

குடித்தார். நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். சுத்தமாக இருந்தது. அப்படிச் சொன்னதும் அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். சரிதானா என்று தானும் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது.

இதில் அது இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. விழுங்கி முடித்து, மூச்சு விடும்போது மட்டும் மூக்கின் ஓரத்தில் ஒரு சின்ன ஈரம். சனிக்கிழமை வருகிற யாருக்கும் இது தெரியப் போவதில்லை. இதையும் கொட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு பீப்பாய்.

வேங்கடபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என் முகத்தைப் பார்க்காதீங்க சார். கிளாஸைப் பாருங்க."

பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இருக்கு" என்றார்.

அவள் குழாயைத் திறந்தாள்.

ஓடி முடிக்க நேரம் பிடித்தது. இருவரும் செருப்பு நனைய நின்றிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழவில்லை. சனிக்கிழமை பெரிய கிளாஸ் கிடையாது, சின்னக் கிளாஸில்தான் ஊற்ற வேண்டும், ஏன் குறைவு என்று கேட்டால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். பிறகு தரையைக் கழுவினாள். அவர் துடைப்பம் பிடித்தார்.

வேலை முடிந்ததும் நல்ல பீப்பாயிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, காலி பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். இதில் என்னென்ன தெரிகிறது என்று அவள் கேட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார். தனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொன்னபோது அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் அவருக்குத் தைரியம் வந்தது. இனி தினமும் வந்து உதவுகிறேன், வீட்டில் எனக்கு என்ன வேலை, நாளைக்கே வரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்."

அவர் கிளாஸிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த பீப்பாய் தயாரானதும் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க."

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"என்மேல கோபமா, குருவே?"

மதலேன் அவருடைய கிளாஸை வாங்கி, இன்னும் கொஞ்சம் பிடித்து, அவர் கையில் வைத்தாள்.

"உங்க நாக்கும் பழகிப்போச்சுன்னா, அப்புறம் எனக்கு யார் சார் சொல்லுவா?"