எட்டிப் பழமும் விழுந்த கரடியும்

எட்டி மரங்கள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, குழந்தைகளே. எட்டிப் பழம் பார்க்க அழகாக இருக்கும். தின்றால் உயிர் போய்விடும். போன ஆண்டு பன்றியம்மாவின் மூத்த குட்டி அதைத் தின்றுவிட்டுப் பிழைத்ததே பெரும்பாடு.

"சின்னவன் உருண்டைக்காவது நல்ல பழம் எது, எட்டி எதுன்னு சொல்லிக்கொடுங்க ஐயா!" என்று அவள் கரடி வாத்தியாரிடம் அழுதாள்.

மறுநாளே நரி ஒரு தொடுதிரைப் பலகையோடு வந்து நின்றது. காட்டிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு அதற்கு; வாயைத் திறந்தால் நீண்ட சொற்பொழிவுதான்.

"நானே செய்த விளையாட்டு ஐயா! நல்ல பழத்தைத் தொட்டால் சரி என்று சொல்லும். எட்டியைத் தொட்டால் தப்பு என்று காட்டும்."

"குட்டிகளுக்குப் பிடிக்குதான்னு சோதிச்சுப் பார்த்துத்தான் பாடமா வைப்பேன்," என்றார் வாத்தியார்.

குட்டிகள் பலகையைச் சுற்றி உட்கார்ந்தன. வாத்தியார் எதிரே அமர்ந்து அவற்றின் முகங்களையே பார்த்தார். அடடா, என்ன சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டன. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தின.

"பிரமாதம்! என் கணக்குப் பாடத்துக்கு ஒருத்தனும் இப்படிச் சிரிச்சதில்லை. நாளை முதல் இதுதான் பாடம்!" என்றார் வாத்தியார்.

குட்டிகளுக்குப் பின்னால், கிளையில் ஒரு காகம் இருந்தது. ஊர் வம்பெல்லாம் அதற்கு வேண்டும். அது முகங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தது.

மாம்பழத்தைத் தொட்டால் 'சரி' என்று ஒரு வறண்ட குரல். அவ்வளவுதான். எட்டியைத் தொட்டாலோ, ஒரு குண்டுக் கரடி மரத்திலிருந்து தொபுக்கடீரென்று விழுந்தது! அப்புறம் மாம்பழத்தை யார் தொடுவார்கள்? எட்டி, எட்டி, எப்போதும் எட்டிதான்!

"ஐயா, பிள்ளைங்க எதைத் தொடுறாங்கன்னு பார்த்தீங்களா?" என்றது காகம்.

"சிரிக்கிற பிள்ளை படிக்கிற பிள்ளை. உனக்கென்ன தெரியும், போ!"

காகம் பறந்துபோய், ஒரு நிஜ எட்டிப் பழத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டது.

குட்டிகள் ஓடிவந்தன. உருண்டை அதை மூக்கால் தொட்டான். பிறகு எல்லாக் குட்டிகளும் வாத்தியாரை ஆவலோடு பார்த்தன.

"ஏன் சார் இன்னும் விழலை?" என்று கேட்டான் உருண்டை. "கடிச்சாத்தான் விழுவீங்களா?"

வாயைத் திறந்தான். பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பன்றியம்மா அலறினாள். வாத்தியார் ஒரே பாய்ச்சலில் பழத்தைத் தட்டிவிட்டார். கால் வழுக்கித் தொபுக்கடீரென்று விழுந்தார்.

"விழுந்துட்டார்! விழுந்துட்டார்!" என்று குதித்தன குட்டிகள்.

வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நரியிடம் உறுமினார்: "அந்தக் கரடியை மாம்பழத்துக்கு மாத்து! எட்டியைத் தொட்டா உன்னோட சொற்பொழிவு வரட்டும்!"

நரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே மாற்றியது. அந்தச் சொற்பொழிவை இரண்டாம் முறை கேட்க எந்தக் குட்டிக்கும் தெம்பில்லை.

சில நாள் கழித்து, வழியில் கிடந்த எட்டிப் பழத்தைத் தொடாமல் உருண்டை விலகிப் போவதைப் பன்றியம்மா பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் ஒரு மாம்பழத்தைக் கவ்விக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினான்.

"சார், இது நல்ல பழம்! விழுந்து காட்டுங்க!"

வாத்தியார் யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தொபுக்கடீரென்று விழுந்தார்.

நீதி: பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று மட்டும் பார்க்காதே, எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் பார்.