சேற்றாண்டியின் மூக்கும் அல்லிக்குளத்துத் தண்ணீரும்

“பெரிய இடத்துக்குப் போனால் முகத்தைப் பார்க்காதே, காலை...” என்று கிழட்டு ஆமை தன் கடைசிப் பேச்சில் சொன்னது அல்லிக்குளத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. காலை என்ன செய்யச் சொன்னது என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிடிக்கச் சொன்னது என்றன தவளைகள். கடிக்கச் சொன்னது என்றான் கிள்ளி என்ற நண்டு. ஆமை செத்துப் பல மழைக்காலம் ஆகிவிட்டதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அல்லிக்குளம் சின்னக் குளம். ஒரு கரையில் கொட்டாவி விட்டால் மறு கரைக்குத் தொற்றும். அதற்கு மேற்கே பெருங்காடு. காட்டுக்குள் ஓடும் ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து வந்து குளத்தில் விழும். குளத்தின் உயிர் வாய்க்காலில் இருந்தது. வாய்க்கால் காட்டில் இருந்தது. ஆகவே காட்டுக்கு யார் தலைவர் என்பதில் காட்டைவிடக் குளத்துக்குத்தான் கவலை அதிகம். ஓட்டு மட்டும் கிடையாது.

பதினைந்து வருஷமாக மாதையன் என்ற யானைதான் தலைவர். குளம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. வருஷா வருஷம் அல்லிப்பூ மாலை அனுப்பும். எந்தக் காதுப்பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்கும் என்பதுவரை அத்துப்படி. இந்த முறையும் அவர்தான் என்பதில் தவளைத் தலைவர் வாகீசனுக்குச் சந்தேகமே இல்லை. காட்டில் ஓட்டு எண்ணி முடிவதற்குள் வெற்றிப் பாட்டை எடுத்துவிட்டார். நானூறு தவளைகள், மூன்று சுருதி. காடு முழுக்கக் கேட்டது.

ஜெயித்தது சேற்றாண்டி என்ற காட்டுப்பன்றி.

தோற்ற யானை கோபித்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அதற்குப்பின் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்தது. பத்தே நாளில் வாய்க்காலில் தண்ணீர் நின்றது.

பாட்டுக்குத் தண்டனை என்று குளம் முடிவு கட்டியது. உங்களை யார் பாடச் சொன்னது என்று மீன்கள் தவளைகளைப் பிடித்துக்கொண்டன. வாகீசனுடைய தலைப்பிரட்டைகள் ஓரத்துச் சேற்றில் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை.

காட்டு விவகாரம் என்றால் குளத்தில் எல்லோரும் சேந்தனைத்தான் பார்ப்பார்கள். சேந்தன் ஒரு முக்குளிப்பான். ஆபத்து என்றால் தண்ணீருக்குள் மறைந்துவிடும் சின்னப் பறவை. சிறு வயதில் மூன்று காடுகளில் திரிந்துவிட்டுத் திரும்பியவன். காட்டுப் பேச்சும் வரும், குளத்துப் பேச்சும் வரும். இரண்டிலும் அதிகம் பேசமாட்டான்.

அவன் கூடு பாசியும் தண்டும் சேர்த்துத் தண்ணீர்மேல் மிதக்கக் கட்டியது. உள்ளே மூன்று முட்டை. இப்போது கூட்டின் அடி சேற்றைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் இன்னும் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம்.

முட்டைமேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வடிவு, கரையில் உலாத்தும் கீரிப்பிள்ளையைக் காட்டினாள். “அதுக்கு நனையத்தான் பிடிக்காது. நடக்க நல்லாவே பிடிக்கும். நீங்க போயிட்டு வாங்க.”

புறப்படும்போது வாகீசன் ஒரு மன்னிப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்வித்தார். போனதும் காலில் விழு என்றார். ஏரிக்கரைக் கூழைக்கடாக்கள் ஏற்கெனவே போய்ச் சேற்றாண்டிக்கு ‘வச்சிரதந்தர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டன, சுனைக்குரங்குகள் கொன்றைப்பூவில் கிரீடமே சூட்டிவிட்டன, நாம்தான் பிந்திவிட்டோம் என்று புலம்பினார். கிரீடத்தைச் சேற்றாண்டி அப்போதே தின்றுவிட்டார் என்று கிள்ளி சொன்னான்.

சேந்தன் வாய்க்கால் வழியாகவே போனான். கோடை மழை அடித்துவந்த மணல் வழி நெடுக மேவிக் கிடந்தது. யாரும் அணை போடவில்லை. பன்றிக் குளம்பு ஒன்றுகூடப் பதிந்திருக்கவில்லை. யானையின் பழைய காலடிகள்தான், ஓரத்தில் அண்டா அண்டாவாகக் காய்ந்து கிடந்தன. அவை ஒரு மருதமரத்தில் போய் முடிந்தன. மரத்தின் பட்டை உரசி உரசி வழவழத்திருந்தது.

சேந்தன் ஒரு காலடிக்குள் உட்கார்ந்து யோசித்தான். மாதையனுக்கு முதுகு அரித்திருக்கிறது. தினமும் இந்த வழியாக வந்திருக்கிறார். அவர் கால் மணலை வாரித் தள்ளியதால் தண்ணீர் வந்திருக்கிறது. அவர் தரவும் இல்லை, சேற்றாண்டி நிறுத்தவும் இல்லை. பதினைந்து வருஷ மாலைகளை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூட்டை நினைத்ததும் அது நின்றது.

சேற்றாண்டி மண்ணுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். பின்னால் ஏழெட்டு ஊர்த் தூதர்கள் வரிசையில் நின்றார்கள். சேந்தனின் முறை வந்தது.

“எந்த ஊர்?”

“அல்லிக்குளம், ஐயா.”

“பாடின ஊரா?”

“பாடின ஊர்தான்.”

“அதனால்தான் நிறுத்திவைத்தேன்.” கொஞ்ச நேரம் மென்றார். “எதை நிறுத்தினேன்?”

“தண்ணீரை, ஐயா.”

“அதேதான்.”

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். தவளைகள் அவருக்கு நான்கு சுருதியில் பாட வேண்டும். குளத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும். பௌர்ணமிதோறும் அவர் கூட்டத்தோடு வந்து குளத்தில் புரள்வார். இருபது பன்றி ஒரு தடவை புரண்டால் குளத்தில் கூடும் இருக்காது, குளமும் இருக்காது என்று சேந்தனுக்குத் தெரிந்தது.

ஆனால் அவன் சேற்றாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான். முதல் நிபந்தனையை ஈச்சம்புதரடியில் சொன்னவர், மூன்றாவதைச் சொல்லும்போது காரைப்புதருக்கு வந்துவிட்டிருந்தார். மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்றுகொண்டே நகர்ந்தார். மூக்கு முன்னே போனது, கால் அதன் பின்னே போனது, அரசாங்கம் காலின் பின்னே போனது. தூதர்களும் பரிசுகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர் போன இடமெல்லாம் முழ ஆழத்துக்குப் பள்ளம்.

சேந்தன் மன்னிப்புக் கடிதத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டான்.

குளக்கரை முழுக்கக் கோரை. அதன் நிழலில்தான் தவளைகள் வெயிலைக் கழிக்கும். அதைப் பிடுங்கிக் கிழங்கை வாய்க்கால் நெடுக, சாணுக்கு ஒன்றாகப் புதைக்கலாம் என்று சேந்தன் சொன்னதும் வாகீசன் எகிறினார். இருக்கிற நிழலையும் பிடுங்கி அந்தப் பன்றி வாயில் போடுவதா, நாலு சுருதிதானே கேட்கிறார், பாடிவிட்டுப் போகலாமே என்றார்.

“பிள்ளைகளுக்குக் கால் முளைக்க எத்தனை நாள், மாமா?”

“பன்னிரண்டு.”

“தண்ணீர் எத்தனை நாளுக்கு?”

வாகீசன் போய் முதல் கோரையைத் தானே பிடுங்கினார்.

இரண்டு நாள் வேலை நடந்தது. நண்டுகள் வெட்டின, நீர்க்கோழிகள் சுமந்தன. கடைசியில் வாகீசனுக்கு ஒரு ஆசை வந்தது. கரையில் ஒரு குவியல் வைத்தால் தலைவர் நேரில் விஜயம் செய்வாரே, ஏரிக்கரைக்காரர்கள் வாயடைத்துப் போவார்களே என்றார். சேந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. குளத்துக்கு நாற்பதடி முன்னால், வாய்க்கால் திரும்பும் இடத்தோடு வரிசையை நிறுத்தினான். அங்கிருந்து கிழங்கு வாய்க்காலை விட்டு விலகி மூங்கில்காட்டுப் பக்கம் போனது. மிச்ச நாற்பதடி மணலை நண்டுகள் வாரி எடுத்தன.

மூன்றாம் நாள் காலையில் உறுமல் கேட்டது. ஓடைமுனையில் தொடங்கிய சேற்றாண்டியும் கூட்டமும் கிழங்கு கிழங்காக வாய்க்காலைத் தோண்டிக்கொண்டு இறங்கினார்கள். திருப்பத்துக்கு வந்ததும் சேற்றாண்டி நின்றார். மூக்கைத் தூக்கிக் குளத்தின் பக்கம் மோந்தார். கீரிப்பிள்ளை சேற்றில் முதல் காலை வைத்திருந்தது. வடிவு இறக்கையை விரித்து முட்டைகளை மூடினாள்.

சேற்றாண்டி மூங்கில்காட்டுப் பக்கம் திரும்பினார்.

அவர் வால் மறைந்த கொஞ்ச நேரத்தில், நூல் மாதிரி ஒரு கலங்கல் தண்ணீர் வந்து விழுந்தது. பிறகு கயிறு மாதிரி. கீரிப்பிள்ளை காலை எடுத்து உதறிவிட்டுப் போனது. பொழுது சாய்வதற்குள் கூட்டின் அடி சேற்றை விட்டு எழும்பி லேசாக ஆடியது.

“தூக்குது” என்றாள் வடிவு.

மறுநாள் காட்டிலிருந்து ஒரு நரி அறிவிப்போடு வந்தது. வச்சிரதந்தர் பெருங்கருணை கொண்டு தம் திருமூக்காலேயே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். அதற்கு நன்றிப் பாட்டு வேண்டும். மற்ற நிபந்தனைகள் அவருக்கு மறந்துபோயிருந்தன. கிள்ளி கொதித்தான். நடந்ததைக் காடு முழுக்கச் சொல்லி அந்த ஆள் மானத்தை வாங்கவேண்டும் என்றான். சொன்னால் நாளைக்கு யார் தோண்டுவது என்று வாகீசன் கேட்டார். இருவரும் சேந்தனைப் பார்த்தார்கள்.

“ஆமை பார்க்கத்தான் சொல்லியிருக்கும்” என்றான் சேந்தன். “பெரியவர் மனசு எப்போது இளகும் என்று காத்திருக்கிற சின்ன ஊர் காய்ந்துபோகும், அவர் கால் எங்கே போகும் என்று பார்த்துவைத்திருக்கிற ஊர் பிழைத்துக்கொள்ளும்.”

தவளைகள் நான்கு சுருதியிலும் பாடட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்குக் கிழங்கு எடுக்க அவன் வடகரைக்குப் போனான்.