சேவியரின் பொத்தான்கள்

"செயலி எழுத எந்தக் கருவியைக் கத்துக்கிட்டாலும் கை பழகுறதுக்குள்ள பழசாயிடுது, மேடம்," என்றார் குணபாலன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். பாடம் நடத்திய நூர்ஜஹான் குணபாலனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த ஊரில் வலைச் செயலி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான்.

"இப்ப எதுல செய்றீங்க? ஓட்டிக் காட்டுங்க."

குணபாலன் மடிக்கணினியைத் திறந்தார். கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை அடித்தார். கோப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன. சற்று நேரத்தில் ஒரு செயலிக்கான வெற்றுக் கூடு தயார். பக்கம் திறந்தது. வெள்ளைத் திரை நடுவில் 'வணக்கம்' என்று மட்டும் இருந்தது.

"நல்லா இருக்கே. யாருக்கு இது?"



"சேவியர்னு என் சிநேகிதன். தொண்டையில புற்றுநோய். ஆபரேஷன்ல குரலே போயிடுச்சு. ஒரே ஒரு பக்கம் போதும்டா, பொத்தானைத் தொட்டா போனே எனக்காகப் பேசணும்னு எழுதிக் காட்டினான். செஞ்சு தரேன்னு சொன்னேன்."

"செஞ்சீங்களா?"

"ஆரம்பிச்சேன். அதுக்குள்ள இன்னும் வேகமான கருவி ஒண்ணு வந்துச்சு. எல்லாத்தையும் அதுக்கு மாத்தினேன். அப்புறம் வேற ஒண்ணு. பார்க்கிறப்பல்லாம் கையை விரிச்சு என்னாச்சுன்னு கேட்பான். இந்த வாரம் முடிஞ்சிடும்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"போன மாசம் போயிட்டான்."

குணபாலன் மடிக்கணினியை நூர்ஜஹான் பக்கம் திருப்பினார்.

"அதான் கேட்கிறேன், மேடம். எதுல செஞ்சிருந்தா முடிச்சிருப்பேன்?"

நூர்ஜஹான் 'வணக்கம்' என்பதை அழித்தார். அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பொத்தானை வைத்தார். கணினியை மறுபடி குணபாலன் பக்கம் திருப்பினார்.

"இதுல என்ன எழுதணும்?"

குணபாலன் 'தண்ணீர்' என்று அடித்தார். அழித்தார். 'வலிக்குது' என்று அடித்தார். அதையும் அழித்தார்.



"உங்க சிநேகிதர் என்னதான் சொல்ல ஆசைப்பட்டார்?"

குணபாலனின் விரல்கள் விசைகள் மேலேயே நின்றன.

"நான் கேட்கவே இல்லை, மேடம்."